எண்பத்து மூன்றாம் குப்பி

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆராய்ச்சிக்கூடத்து நாற்காலியிலேயே தூங்கி எழுகிற பழக்கம் போயிற்றா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். போன தடவை "எல்லாம் ஓகே" என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து பிரயோசனமில்லை. குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பம்புக்குப் பக்கத்தில் நின்றவன் காதில் போனை வைத்தால், மகள் குரல் கேட்காது, மோட்டார்தான் கேட்கும். எதிர்வீட்டுத் தையற்காரம்மா போனை வாங்கிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, உங்க பொண்ணு முதுகுத்தண்டுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கறதப் பத்திச் சொல்லுது. நீங்க என்னமோ மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னு சொன்ன மாதிரி தலையாட்டறீங்க."

ஆக, கடிதத்திலேயே எழுது. நோயாளிகள் தண்ணீர் கொடுக்கிறார்கள், நல்லாயிருக்கிற கிழவர்கள்தான் ஊசி என்றதும் ஓடுகிறார்கள் என்று சொன்னாயாம். நல்லாயிருக்கிறவன் தண்ணீர் உனக்கெதற்கு? பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குப் புரிகிற மாதிரி சொல்.

உன் பெரியப்பா போய் இந்த மாதத்தோடு ஆறு வருஷம். அவன் நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை. நகர்த்தினால் அடியில் கூட்ட வேண்டியிருக்கும் என்கிற சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை.

அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பா,

வணக்கம். சாப்பிடுகிறேன். நாற்காலியில் தூங்குவதில்லை, மேசையில் தூங்குகிறேன். நலம்தான். மூன்றுக்கும் பதில் ஆயிற்று.

முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நீர், மூளையைச் சுற்றிவிட்டு வருகிற நீர். மூளைக்குள் என்ன நடக்கிறதோ அதன் வாசனை அதில் இருக்கும். ஒரு புரதம் உண்டு. ஒழுங்காக மடிந்து இருக்க வேண்டியது, தாறுமாறாகச் சுருண்டுவிட்டால் வம்பு. வகுப்பில் ஒரு போக்கிரி வந்து உட்கார்ந்தால் பக்கத்திலிருக்கும் நல்ல பிள்ளைகளும் கெட்டுப்போவார்களே, அப்படி மற்றதையும் சுருட்டும். நடுக்குவாதம் வருவது அதனால்தான் என்று நினைக்கிறோம். நான் செய்வது இவ்வளவுதான்: நல்ல பிள்ளைகளாக நிறைய வைத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டு நோயாளியின் நீரை விடுவேன். போக்கிரி இருந்தால் நாலைந்து நாளில் கெட்டுப்போய் ஒளி விடும், கணினியில் கோடு மேலே ஏறும். இல்லையென்றால் கோடு படுத்தே கிடக்கும்.

நல்லாயிருக்கிறவர்கள் கோடு படுத்துக் கிடக்கிறது என்று காட்டினால்தான், ஏறுகிற கோட்டுக்கு மதிப்பு. நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொரு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். ஐந்து ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுக்கிறார்கள், உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி உட்பட. பெயரெல்லாம் எங்களுக்கு வராது. எண் மட்டும் ஒட்டி, உறையவைத்து அனுப்புவார்கள்.

நடுக்குவாதம் போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்களும் உண்டு. பெரியப்பாவுக்கு இருந்தது அந்த வேறு ஒன்று. நாலு வருஷம் தப்பான மாத்திரையை விழுங்கினார். இந்தக் கோடு அப்போது இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். அதற்காகத்தான் மேசையில் தூங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 29

வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், உத்தியோகம் இல்லாதவனுக்குத்தான் நேரமே கிடைப்பதில்லை. நான் நலம். ஒரு வாரம் தலைவலி. அது ஒரு தினுசான தலைவலி: உட்கார்ந்தால் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது. சோம்பேறிகளுக்கென்றே ஆண்டவன் தனியாகச் செய்தது போலிருக்கிறது. வாளி தூக்கினேன், அதனால்தான். இப்போது இல்லை.

இன்னொரு விசேஷம். உன் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறான்.

பயப்படாதே, சிரி. பத்து நாளாக மத்தியானத்தில் நான் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனால், பின்னாலேயே செருப்பு தேய்கிற சத்தம். சர், சர் என்று. அவன் கடைசிக் காலத்தில் காலைத் தூக்காமல் இழுத்து நடப்பானே, அச்சு அசல் அதே சத்தம். நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன். அதுவும் வந்தது. "என்னடா வேணும், டீயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. உயிரோடிருந்தபோதும் கேட்டதற்குப் பதில் சொல்ல அரைமணி ஆகும் அவனுக்கு.

புதுச் செருப்பு வாங்கினேன், மலிவு. அதன் அடிதான் வழவழக்கிறது என்று தையற்காரம்மா சொல்கிறாள். இருக்கும்.

உனக்கு நல்லாயிருக்கிற கிழவர்கள் கிடைத்தார்களா?

அப்பா


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பா,

நலம். தலைவலி எப்படியிருக்கிறது? வாளியைத் தூக்காதீர்கள், பாதி நிரப்புங்கள். குடிநீர் நிலையத்துக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

நாற்பதும் நிறைந்துவிட்டது! உங்கள் ஊரிலிருந்து மட்டும் மூன்று குப்பி. அந்த மூன்று புண்ணியவான்களையும் தெருவில் பார்த்தால் என் சார்பாக ஒரு கும்பிடு போடுங்கள்.

உங்கள் எழுத்து ஏன் இப்படிச் சிறுத்துவிட்டது? முதல் வரி நன்றாக ஆரம்பித்து, கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருக்கிறது. பெரியப்பா பேய் வரும் இடத்தை விளக்குக்கு அடியில் வைத்துத்தான் படித்தேன். தாள் தட்டுப்பாடா?

அடுத்த வாரம் சோதனை ஓட்டம் தொடங்குகிறோம். நூறு குப்பி. எங்கள் தலைவர் (கண்ணாடிக்காரர் என்று எழுதுவேனே, அவர்) பல் தெரியச் சிரித்தார். இந்த வருஷத்தில் முதல் தடவை.

உங்கள் மகள்


மே 12

வாயாடிக்கு,

நலம், நலம், நலம். உனக்கும் அதுவே ஆகுக.

எழுத்துச் சிறுத்தது சிக்கனம். ஓய்வூதியக்காரன் முதலில் எழுத்தைக் குறைப்பான், பிறகு பேச்சை, கடைசியில் மூச்சை.

மூக்கும் ஓய்வு வாங்கிவிட்டது. போன செவ்வாய் பால் வைத்துவிட்டு அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். தையற்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறாள். "அண்ணே! தெருவே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?" பாத்திரம் கரி. முப்பத்தொரு வருஷம் குளோரின் கூடினதா குறைந்ததா என்று மோப்பத்திலேயே சொன்ன மூக்கு இது. தீய்ந்த பாலுக்கு எட்டிப் பார்க்கவில்லை.

உன் பெரியப்பா இப்போது காலையிலும் வருகிறான். பழக்கமாகிவிட்டது.

உன் கோடுகள் என்ன ஆயின?

அப்பா


ஜூன் 26

அன்புள்ள அப்பா,

நீங்கள் நலம்தானே? நான் பாதி நலம்.

முதலில் நல்ல செய்தி. நடுக்குவாதக்காரர்கள் நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் கோடு ஏறிவிட்டது. பெரியப்பாவுக்கு வந்த மாதிரி நோய்க்காரர்கள் இருபது பேரும் படுத்துக் கிடக்கிறார்கள். இரண்டும் வேறு என்று குப்பி பார்த்தே சொல்லிவிடலாம் அப்பா! நல்லாயிருப்பவர்கள் நாற்பதில் முப்பத்தொன்பது பேர் கோடு நூல் பிடித்த மாதிரி.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை, மிச்சம் அந்த ஒன்று. எண்பத்து மூன்றாம் எண். நல்லாயிருக்கிறவர் என்று எழுதியிருக்கிறது, குடும்பத்தில் யாருக்கும் எந்த நடுக்கமும் கிடையாது என்று எழுதியிருக்கிறது, ஆனால் கோடு மலை மாதிரி ஏறி நிற்கிறது. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும். "ஆரோக்கியமான ஆளையே நோயாளிங்குது உன் டெஸ்டு. இதை யாரும்மா நம்புவா?" என்கிறார் கண்ணாடிக்காரர். குப்பி அசுத்தம் என்று எழுதித் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார். அப்படிச் செய்தால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். செய்யாவிட்டாலும் சிரிப்பார்கள். மூன்று வருஷ வேலை.

அந்த எண்பத்து மூன்றுக்கு உள்ளுக்குள் நோய் ஆரம்பித்திருந்தால் போதும், நான் தப்பித்தேன். வெளியில் தெரியுமுன்பே என் டெஸ்ட் கண்டுபிடித்துவிட்டது என்று ஆகிவிடும். தினமும் காலையில் குளிர்பெட்டியைத் திறக்கும்போது அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்: "ஐயா, நீங்க யாரோ, எப்படியாவது உங்களுக்கு இருந்துடட்டும்." பாவிப் பெண், இல்லையா?

குடிநீர் நிலையத்தில் ஒரு பாட்டில் மட்டும் கெட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? பாட்டிலைத் திட்டுவீர்களா, தண்ணீரையா?

உங்கள் மகள்


ஜூலை 31

அப்பா,

நான் எழுதி ஐந்து வாரமாகிறது, பதில் கடிதம் இல்லை. தையற்காரம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காரு, ஆனா வாசல்ல உட்கார்ந்து ஒரு அட்டைய வச்சுப் பார்த்துட்டே இருக்காரு, பேச்சுக் கொடுத்தா முறைக்கிறாரு" என்கிறார். என்ன அட்டை? யாரோடு சண்டை?

வருகிற ஆகஸ்ட் இருபதாம் தேதி கண்ணாடிக்காரர் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார். எண்பத்து மூன்று, "குப்பி அசுத்தம், நீக்கப்பட்டது". எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் சண்டை போடக் கையில் ஒன்றுமில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 6

என் மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி.

பாட்டிலையா தண்ணீரையா என்று கேட்டாய். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், கடைக்கோடித் தெருக் குழாயிலிருந்து எடுத்த பாட்டில் ஒன்று கெட்டு வந்தது. மற்ற பதினொன்றும் சுத்தம். பாட்டில் கழுவவில்லை என்று எழுதிக் கொட்டிவிட்டோம். எழுதினவன் நான்தான். ஒன்பது நாள் கழித்து அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. குழாய் விரிசலில் சாக்கடை கலந்திருந்தது. பாட்டில் பொய் சொல்லவில்லை, கண்ணு. உன் குப்பியும் சொல்லவில்லை.

சொன்னது நான்.

தையற்காரம்மா சொன்ன அட்டை, ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை. மறுபடி வரும்போது கொண்டு வரவேண்டுமாம். அதில் பெயர் இல்லை. எண்பத்து மூன்று என்று இருக்கிறது.

மார்ச் மாதம் போய் முதுகில் ஊசி போட்டுக்கொண்டேன். அந்தத் தலைவலி வாளியால் வந்ததில்லை. உனக்கு ஒன்பது பேர் குறைகிறார்கள் என்று எழுதியிருந்தாய். எட்டாகக் குறைத்துவிட்டு, பிறகு ஒருநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நர்ஸம்மா ஒரு விண்ணப்பப் பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, கூடப்பிறந்தவங்க யாருக்காச்சும் கைநடுக்கம், நடையில தடுமாற்றம் இருந்ததா?" இருந்தது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. பஸ் ஏறி வந்தாயிற்று, சட்டையும் கழற்றியாயிற்று. "எனக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதும்மா" என்றேன். வாய் கூசாமல் வந்தது. பதினோரு வருஷம் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்ட கை இது. அதே கையால்தான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரத்திலிருந்துதான் செருப்புச் சத்தம். இல்லாதவன் என்று எழுதிக் கொடுத்தேன், வந்து நிற்கிறான் என்று நினைத்தேன். உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்றைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். அப்போதும் தேய்ந்தது. செருப்பு இல்லை, அவனும் இல்லை. என் கால்.

பிறகு கண்ணாடியில் பார்த்தேன். தையற்காரம்மா ஒரு நல்ல நகைச்சுவை சொன்னாள், நான் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தேன், அவள் "ஏண்ணே முறைக்கிறீங்க?" என்று போய்விட்டாள். அதனால்தான் பார்த்தேன். சிரிக்க முயற்சி பண்ணினேன். கண்ணாடிக்குள்ளிருந்து உன் பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்காமல்.

ஐந்து வாரம் ஏன் எழுதவில்லை என்றால், இதைச் சொல்லாமல் விட்டால் உன் வேலை போகிறது, சொன்னால் உன் நிம்மதி போகிறது. எது சின்ன நஷ்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் மேசையில் தூங்கினவளுக்கு நிம்மதி எங்கே இருந்தது என்று கடைசியில் தோன்றியது. கண்ணாடிக்காரரிடம் சொல். பாட்டிலைக் கொட்டவேண்டாம் என்று சொல்.

நீ வேண்டிக்கொண்டதைப் பற்றி மனசில் ஒன்றும் வைக்காதே. யாரென்று தெரியாமல் வேண்டினாய். நானும் அந்த வரியைப் படித்தபோது சிரித்தேன். முகத்தில் வந்ததா என்று தெரியாது.

அப்பா


ஆகஸ்ட் 25

அப்பா,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. பதின்மூன்று நாளாக "அன்புள்ள" என்று எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். எனவே நலம் விசாரிக்காமலே தொடங்குகிறேன்.

கடிதம் வந்த அன்றைக்கே நான் செய்தது தப்பு. கண்ணாடிக்காரரிடம் சொல்வதற்கு முன்பு குளிர்பெட்டியைத் திறந்து எண்பத்து மூன்றை எடுத்தேன். நகத்தளவு உறைநீர். இத்தனை நாள் அதைக் கையில் வைத்து உருட்டியிருக்கிறேன், சபித்திருக்கிறேன், ஒருநாள் கோபத்தில் தட்டில் வீசியிருக்கிறேன். உங்களுடையது என்று தெரிந்து தொட்டது அன்றைக்குத்தான். மிச்சமிருந்ததை நான்காம் தடவையாக ஓட்டினேன். ஐந்து நாள் அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷமாக இந்த டெஸ்ட் சரியாக வரவேண்டும் என்று ஏங்கியவள், அந்த ஐந்து நாள், "தப்பாகப் போ, ஒரே ஒரு தடவை தப்பாகப் போ" என்று கெஞ்சினேன்.

தப்பாகப் போகவில்லை அப்பா.

பிறகுதான் கண்ணாடிக்காரரிடம் போனேன். கடிதத்தை அப்படியே கையில் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "உங்கப்பா பெரிய பிராடும்மா" என்றார். அப்புறம், "எங்கப்பாவும் எனக்காக இப்படி ஏதாவது செய்வாரு" என்றார். அறிக்கையை நிறுத்திவிட்டார். எண்பத்து மூன்றாம் எண், நல்லாயிருப்பவர்கள் பட்டியலில் இனி இல்லை. தப்பான தகவலோடு சேர்ந்தவர், டாக்டர் பரிசோதித்த பிறகு தனியாகக் குறிக்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் குப்பியை இனி நான் தொடக்கூடாது.

ஒன்று சொல்கிறேன், விஞ்ஞானியாக: கோடு ஏறினது மட்டும் நோய் ஆகிவிடாது. டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மகளாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. கட்டெறும்பு எழுத்து, தீய்ந்த பால், இழுக்கும் கால், எல்லாவற்றையும் எனக்கே எழுதினீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் இரண்டாம் கடிதத்திலேயே பிடித்திருப்பேன். உங்களுடையது என்பதால் சிரித்துக்கொண்டே படித்தேன்.

உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் வந்தது ஒன்றல்ல, வேறு வேறு. உங்களுடையதற்கு மாத்திரை கேட்கும். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை, கோடு சொல்வது.

டாக்டரிடம் போய்விட்டு எழுதுங்கள். நான் வரவா?

உங்கள் மகள்


செப்டம்பர் 14

என் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. போய்விட்டு வந்தேன். தையற்காரம்மா கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், பின்னாலிருந்து லேசாக இழுத்தார். விழுந்திருப்பேன், பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நாளா இப்படி?" என்றார். "எனக்கு முன்னாடியே என் மகளுக்குத் தெரியும் சார்" என்றேன். புரியாமல் பார்த்தார். நடுக்குவாதம்தான், ஆரம்பம் என்றார். மாத்திரை எழுதினார். உன் டெஸ்ட் தப்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது, அதை மறைப்பானேன். ஐந்து ஊர்க் கிழவர்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரியில் பழைய பாரத்தையும் எடுக்கச் சொல்லித் திருத்தினேன். அதே நர்ஸம்மா. "கூடப்பிறந்தவங்க இல்லைன்னீங்களே தாத்தா?" என்றாள். "ஒரு அண்ணன் இருந்தான்மா" என்றேன். அவன் பெயரை எழுதச் சொன்னாள். எழுத்து சிறுத்துப்போய், கட்டத்தில் கால்வாசி இடம்கூடப் பிடிக்கவில்லை. அவளே மேலே பெரிதாக எழுதிவிட்டாள்.

கடைசியாக டாக்டர், "வீட்ல யார் இருக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தார். இப்போது என் முகத்தில் ஒன்றும் தெரியாதே, எதைப் பார்த்தாரோ. சீட்டில் "தனியாக" என்று எழுதினார். வாக்கியம்கூட இல்லை, ஒரே சொல். பஸ்ஸில் வரும்போது அந்தச் சீட்டை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

நான் வரவா என்று கேட்டிருந்தாய். "லீவை வீணாக்காதே, நானென்ன குழந்தையா" என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அப்படித்தான் ஒரு தாள் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது, இரண்டு இடத்தில் சிரிப்புக்கூட இருந்தது. இன்னொரு பாரம் நிரப்பின மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

பதில் எழுத வேண்டாம். வா.

அப்பா